வறட்சியைத் தாங்கும் பயிர் நிலமின்மையைத் தாங்குமா?

(அம்பேத்கர் படிப்பு வட்டம் ஒன்றின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் தலைப்பு 'சிறுதானியமும் ஊரக உணவுப் பாதுகாப்பும்'. தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்து மானாவாரி நிலங்களில் மக்களின் சாப்பாடு எப்படி மாறியது என்பதைத்தான் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்து வருகிறேன். அதனால் அழைத்திருக்கிறீர்கள், நன்றி. அழைப்பிதழில் "வறட்சியைத் தாங்கும் சத்தான பயிர்களைக் கிராம மக்களுக்கு அறிமுகப்படுத்துவோம்" என்று ஒரு வரி இருக்கிறது. அரசாணைகளிலும் தொண்டு நிறுவனங்களின் திட்ட அறிக்கைகளிலும் இதே சொல்தான் வருகிறது: அறிமுகம். அந்தச் சொல்லை வைத்தே தொடங்குகிறேன்.

யாருக்கு எதை அறிமுகப்படுத்துகிறோம்? இந்த அறையில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேருடைய அம்மாவோ பாட்டியோ கேழ்வரகுக் காட்டில் களை எடுத்திருப்பார்கள். கதிர் அறுத்திருப்பார்கள், திருகையில் அரைத்திருப்பார்கள், துடுப்புப் போட்டுக் களி கிண்டியிருப்பார்கள். கேழ்வரகும் கம்பும் சோளமும் சாமையும் வரகும் தினையும் குதிரைவாலியும் நமக்குப் புதியவை அல்ல. நம் மக்கள் அவற்றை நன்றாக அறிவார்கள். அறிந்தேதான் விட்டார்கள். ஏன் விட்டார்கள் என்று கேட்காமல் திரும்பக் கொண்டுவரப் போகிறோம் என்று யாராவது சொன்னால், நாம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

முதலில் பயிரைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். சிறுதானியத்தின் மேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை. நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் அது பத்து மில்லிகிராம் அளவுதான். கம்பில் இரும்புச் சத்து மிகுதி. நெல் விளைய 1,200 மில்லிமீட்டர் அளவுக்குத் தண்ணீர் வேண்டும். கேழ்வரகு அதில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தாலே விளைந்துவிடும். சாமையும் குதிரைவாலியும் மூன்று மாதத்தில் வீடு வந்து சேரும். மழை தவறிப் பெய்கிற காலம் இது. ஆழ்துளைக் கிணறு போடக் காசில்லாதவர்கள் வைக்கக்கூடிய பயிர் இவைதான்.

தேவையும் இருக்கிறது. 2019-21 காலத்தில் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. ரேஷனில் அரிசி இலவசமாகக் கிடைக்கிற மாநிலத்தின் கணக்கு இது. வயிறு நிறைகிறது, உடம்பு தேறவில்லை. ஆகவே சத்தான தானியம் வேண்டுமா என்பதில் எனக்குக் கேள்வி இல்லை. அது யாருடைய நிலத்தில், யாருடைய உழைப்பில் விளைந்து, யாருடைய தட்டுக்குப் போகப் போகிறது என்பதில்தான் கேள்வி.

சரி, ஏன் விட்டார்கள்?

முதல் காரணம் மானம். அரிசிச் சோறு என்பது நம் ஊர்களில் வெறும் உணவாக இருந்ததில்லை. நெல்லை நட்டு, அறுத்து, அடித்துக் கொடுத்தவர்களுக்குக் கிடைத்தது கூழ். சோறு என்பது பொங்கலுக்கும் நோன்புக்கும் கல்யாணத்துக்கும் பார்க்கிற பொருள். யார் என்ன சாப்பிடலாம் என்பதைச் சாதிதான் முடிவு செய்தது. 1936இல் வெளியான 'சாதி ஒழிப்பு' நூலில் அண்ணல் அம்பேத்கர் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறார். ஜெய்ப்பூர் சமஸ்தானத்தில் சக்வாரா என்ற ஊர். தீர்த்த யாத்திரை போய்த் திரும்பிய ஒரு தீண்டப்படாதவர் தம் மக்களுக்கு விருந்து வைத்தார். விருந்தில் நெய் பரிமாறினார். அவ்வளவுதான் குற்றம். சாதி இந்துக்கள் தடிகளோடு வந்து விருந்தைச் சிதைத்தார்கள், உண்டுகொண்டிருந்தவர்களை அடித்தார்கள். வசதி இருந்தாலும் நெய் சாப்பிட உனக்கு உரிமை இல்லை என்பதுதான் அந்த அடியின் பொருள்.

தஞ்சைப் பகுதியில் கூலி நெல்லை உயர்த்திக் கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். நெல் அவ்வளவு அரசியல் கனம் கொண்ட தானியம். 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று அண்ணா சொன்னபோது சேரிகளில் அது ஏன் அப்படி எடுபட்டது என்பதற்கு இதுதான் விடை. 2008இல் கிலோ ஒரு ரூபாய், 2011 முதல் இலவசம். இந்த அரிசி வந்த பிறகுதான், கூலிக்குப் போகாத நாளிலும் அடுப்பு எரியும் என்ற நிலை வந்தது. பண்ணையார் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டிய தேவை குறைந்தது.

ஆகவே "அரிசிதான் நம்மைக் கெடுத்தது, ரேஷன் அரிசி மக்களைச் சோம்பேறியாக்கிவிட்டது" என்று மேடையில் யாராவது பேசினால், அது சத்துணவு பற்றிய பேச்சு என்று எண்ணிவிடாதீர்கள். கூலிக்கு ஆள் கிடைக்கவில்லையே என்ற ஆதங்கம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. "நம் முன்னோர்கள் சிறுதானியம் சாப்பிட்டு நூறு வயது வாழ்ந்தார்கள்" என்பதும் அப்படித்தான். யாருடைய முன்னோர்? ஒரே ஊரில் ஒரு தெருவின் முன்னோர் வீட்டில் குதிர் நிறைந்திருந்தது. இன்னொரு தெருவின் முன்னோர் அந்தக் குதிரை நிரப்பிவிட்டு, பானையைக் கவிழ்த்து வைத்துப் படுத்தார்கள். இருவருக்கும் பொதுவான பாரம்பரியம் என்று ஒன்றைச் சொல்ல முடியாது.

இரண்டாவது காரணம் பெண்களின் உழைப்பு. இதை ஆண்கள் பேசும் கூட்டங்களில் கேட்டதே இல்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கேழ்வரகு, கம்பு, சோளம் ஆகியவற்றின் வேலை ஒருவகை. சாமை, வரகு, தினை, குதிரைவாலி, பனிவரகு ஆகியவற்றின் வேலை வேறு வகை. இவற்றுக்கு மேலே கெட்டியான உமி உண்டு. அதிலும் வரகின் உமி இலேசில் விடாது. உரலில் போட்டு இடித்து, புடைத்து, மறுபடி இடித்து, மறுபடி புடைக்க வேண்டும். பகலெல்லாம் அடுத்தவர் காட்டில் வேலை, வந்த பிறகு இது. ஆய்வுக்காகப் போன ஊரொன்றில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் ஆயாவிடம் கேட்டேன், "சாமைச் சோறு நல்லா இருக்குமே, ஏன் ஆயா விட்டுட்டீங்க?" என்று. அவர் சிரித்தார். "சோறு நல்லாத்தான் இருக்கும் கண்ணு. உலக்கையை நீ புடிக்கிறியா?" என்றார்.

நான் படித்த எத்தனையோ கட்டுரைகள் தொட்டுச் செல்லாத இடத்தை அவர் ஒரே கேள்வியில் தொட்டுவிட்டார். கொல்லிமலையில் நடந்ததும் இதற்குச் சான்று. அங்கே சேகோ ஆலைகளுக்காக மரவள்ளிக்கிழங்கு பரவியபோது சிறுதானியப் பரப்பு சுருங்கியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் அங்கே வேலை செய்தபோது விதையைக் கொடுப்பது மட்டும் போதவில்லை. உமி நீக்கும் இயந்திரங்களை ஊருக்குள்ளேயே அமைத்துக் குழுக்களிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. பெண்ணின் தோளிலிருந்து உலக்கையை இறக்காமல் சிறுதானியத்தைத் திரும்பக் கொண்டுவருவது, அந்த வேலையை மறுபடியும் அவள் தலையில் கட்டுவதாகத்தான் முடியும்.

மூன்றாவது காரணம் விலை. நெல்லுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை உண்டு, அரசே திறக்கும் கொள்முதல் நிலையமும் உண்டு. சிறுதானியங்களில் சோளம், கம்பு, கேழ்வரகு மூன்றுக்கு மட்டுமே ஒன்றிய அரசு ஆதரவு விலை அறிவிக்கிறது. 2024-25 பருவத்துக்குக் கேழ்வரகு குவிண்டால் 4,290 ரூபாய், சாதாரண ரக நெல் 2,300 ரூபாய். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சாமைக்கும் வரகுக்கும் தினைக்கும் குதிரைவாலிக்கும் ஆதரவு விலையே கிடையாது. களத்துமேட்டுக்கு வரும் வியாபாரி சொல்வதுதான் விலை. அதே தினை, நகரத்துக் கடையில் பளபளப்பான உறைக்குள் போனதும் கிலோ நூறு ரூபாயைத் தாண்டுகிறது. விளைவித்தவர் அதை வாங்கிச் சாப்பிட முடியாது.

இந்த இடத்தில் பெயர் மாற்றத்தையும் பார்க்க வேண்டும். நேற்றுவரை இவை 'பரும்படித் தானியங்கள்'. 2018இல் ஒன்றிய அரசு இவற்றைச் 'சத்துத் தானியங்கள்' என்று மாற்றியது. 2023ஐ ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அந்த ஆண்டு நிதிநிலை அறிக்கையில் இவற்றுக்கு 'ஸ்ரீ அன்னா' என்று பெயர் சூட்டினார்கள். சேரி சாப்பிட்டபோது கூழ், நட்சத்திர விடுதிக்குப் போனதும் ஸ்ரீ அன்னா. தானியம் மாறவில்லை, சாப்பிடுகிறவர்கள் மாறியிருக்கிறார்கள். பூணூல் கல்யாணம் இனி தானியத்துக்கும் நடக்கும்போல.

இப்போது அடிப்படையான விஷயத்துக்கு வருகிறேன். நிலம்.

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டு மக்களில் 20 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். ஆனால் அவர்கள் கையிலிருக்கும் சாகுபடி நிலம், மொத்தத்தில் பத்து விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. அதிலும் பெரும்பகுதி அரை ஏக்கர், ஒரு ஏக்கர் துண்டுகள். வறட்சியைத் தாங்கும் பயிர் உண்டு தோழர்களே. நிலமின்மையைத் தாங்கும் பயிர் இதுவரை எந்த ஆராய்ச்சி நிலையத்திலும் கண்டுபிடிக்கப்படவில்லை.

திட்டங்கள் எப்படி இறங்கி வருகின்றன என்று பாருங்கள். மானிய விலையில் விதை வேண்டுமா, சிட்டா, அடங்கல் கொண்டு வா. கொள்முதல் நிலையத்தில் விற்க வேண்டுமா, சிட்டா, அடங்கல் கொண்டு வா. வாய்மொழிக் குத்தகைக்குப் பயிர் செய்பவரிடம் இது எதுவும் இருக்காது. பட்டா கணவர் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருக்க, காட்டில் நாள் முழுக்க நிற்கும் பெண்ணிடமும் இருக்காது. கூலித் தொழிலாளியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகவே 'சிறு, குறு விவசாயிகளுக்கான' திட்டம் என்று அறிவிக்கப்படுவது, ஊருக்குள் வந்து சேரும்போது ஊர்த்தெருவிலேயே நின்றுவிடுகிறது. அதைக் காலனிக்கு வரவிடாமல் யாரும் தடுக்கவில்லை, காகிதமே தடுத்துவிடுகிறது.

இந்தக் காகிதத்துக்கு ஒரு வரலாறு உண்டு. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் ஓர் அறிக்கை எழுதினார். நிலமில்லாததுதான் இம்மக்களின் அடிமைத்தனத்துக்கு வேர் என்று விளக்கினார். அதன் விளைவாக 1892இல் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு நிலம் ஒதுக்க அரசு ஆணையிட்டது. சென்னை மாகாணத்தில் சுமார் 12 லட்சம் ஏக்கர் இப்படி ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு தரப்பட்ட அந்தப் பஞ்சமி நிலத்தில் பெரும்பகுதி இன்று யாரிடம் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். காரணை நிலத்தை மீட்கக் கேட்ட போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறையின் துப்பாக்கிக்குத் தோழர்கள் ஜான் தாமஸும் ஏழுமலையும் பலியானார்கள். அந்த நிலங்களில் கணிசமானவை மானாவாரிப் புன்செய் நிலங்கள். அதாவது, இன்று "எந்த நிலத்தில் சிறுதானியம் போடலாம்" என்று வல்லுநர்கள் தேடுகிறார்களே, அதே வகை நிலம். பஞ்சமி நில மீட்பைப் பேசாமல் சிறுதானிய இயக்கம் நடத்துவது, கிணற்றைப் பூட்டி வைத்துவிட்டுக் குடிதண்ணீரின் மகிமையைச் சொல்வதற்கு ஒப்பாகும்.

அப்படியானால் எங்குமே சரியாக நடக்கவில்லையா? நடந்திருக்கிறது. தெலங்கானாவின் ஜாகீராபாத் வட்டாரத்தைத்தான் நான் எப்போதும் எடுத்துக்காட்டாகச் சொல்வேன். தக்காண மேம்பாட்டுச் சங்கம் என்ற அமைப்பின் துணையோடு, அங்கே தலித் பெண்கள் ஊர்தோறும் சங்கம் கட்டினார்கள். நிலச் சீர்திருத்தத்தின் பெயரால் அவர்களுடைய குடும்பங்களுக்கு அரசு கொடுத்திருந்தது கல்லும் கரம்புமான நிலம். முதலில் அதைத் திருத்தினார்கள். 1990களின் நடுவில் சுமார் முப்பது ஊர்களில் ஒரு மாற்று ரேஷன் முறையைத் தொடங்கினார்கள். தரிசாகக் கிடந்த நிலத்தைப் பயிர் செய்ய முன்பணம் தரப்படும். வாங்கியவர் அதைப் பணமாகத் திருப்பித் தர வேண்டாம்; விளைந்த சோளத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் சங்கத்துக்கு அளந்தால் போதும். அந்தச் சோளத்தை ஊரிலேயே சேமித்து, வேலையில்லாத மாதங்களில் ஏழைக் குடும்பங்களுக்குக் குறைந்த விலையில் கொடுத்தார்கள். யார் ஏழை என்பதை வட்டாட்சியர் அலுவலகம் முடிவு செய்யவில்லை. ஊர்ப் பெண்கள் கூடி முடிவு செய்தார்கள். விதையும் அவர்கள் வீட்டுக் கூடைகளில்தான் இருந்தது. ஆண்டைகள் வீட்டில் விதை கேட்டு நின்றவர்கள், பிறருக்கு விதை கொடுக்கும் நிலைக்கு வந்தார்கள். 2019இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் விருது இந்த வேலைக்குக் கிடைத்தது.

அங்கே பயிர் மட்டும் தனியாக வரவில்லை என்பதைக் கவனியுங்கள். நிலம் அவர்களுடையது, விதை அவர்களுடையது, கிடங்கு அவர்களுடையது, யாருக்குக் கொடுப்பது என்ற முடிவும் அவர்களுடையது. சோளம் கடைசியாகத்தான் வந்தது.

தமிழ்நாட்டிலும் ஒரு தொடக்கம் இருக்கிறது. 2023 முதல் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களின் ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளலாம். கர்நாடகத்தின் தென்மாவட்டங்களில் கேழ்வரகை அரசு கொள்முதல் செய்து ரேஷனில் கொடுப்பது ஏற்கெனவே வழக்கத்தில் உள்ளது. இது வரவேற்க வேண்டியது. ஆனால் ஒரு சொல்லை நாம் பிடித்துக்கொள்ள வேண்டும்: 'பதிலாக'. அரிசியைக் குறைத்துக்கொண்டு கேழ்வரகைக் கொடுக்காதே, அரிசியோடு சேர்த்துக் கொடு என்றுதான் கேட்க வேண்டும். ஐந்து பேர் உள்ள கூலிக் குடும்பத்தில் இரண்டு கிலோ அரிசி என்பது ஏறத்தாழ ஒரு நாள் சோறு.

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். பயிரையும் ரேஷனையும் சரிசெய்தால்கூட உணவில் தீண்டாமை தானாகப் போய்விடாது. சிறுதானிய லட்டு, சத்துமாவு, முறுக்கு செய்து விற்கும்படி மகளிர் குழுக்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். காலனிப் பெண்கள் செய்த பலகாரத்தை ஊர்த்தெருக் கடையில் வாங்கி வைப்பார்களா? 2018இல் அவிநாசி அருகே ஒரு பள்ளியில் அருந்ததியப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் நின்றதை நாம் மறக்கவில்லை. அரிசி என்றாலும் கேழ்வரகு என்றாலும், சமைக்கும் கையைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அடுப்படி வரை போய்ச் சேர வேண்டும்.

அதேபோல், சிறுதானியத்தைச் சைவத்தோடு ஒட்டி விற்கும் போக்கும் பெருகிவருகிறது. 'சாத்விக உணவு' என்ற முத்திரையோடு வருகிறது. இரத்தசோகை உள்ள பெண்ணுக்கும் வளரும் குழந்தைக்கும் கேழ்வரகு மட்டும் போதாது. பருப்பு வேண்டும், முட்டை வேண்டும், மீனும் கறியும் வேண்டும். நம் வீடுகளில் களி தனியாக வந்ததே கிடையாது. கருவாட்டுக் குழம்போடு வந்தது, மாட்டுக்கறியோடு வந்தது. களியை எடுத்துக்கொண்டு கறியைத் தள்ளிவிடும் சத்துணவு அறிவியலை நாம் ஏற்க வேண்டியதில்லை. பள்ளிச் சத்துணவில் வாரம் ஐந்து முட்டை என்பது இந்த மாநிலம் போராடிப் பெற்ற ஒன்று. எந்த லட்டைக் காட்டியும் அதில் கைவைக்க விடக்கூடாது.

முடிவாக, இந்தக் கூட்டம் தீர்மானமாக எடுத்துச் செல்லத்தக்க சிலவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று, சிறுதானியத் திட்டம் எந்த ஒன்றியத்தில் தொடங்கினாலும், அந்த ஒன்றியத்தின் பஞ்சமி நிலப் பட்டியலை முதலில் வெளியிட வேண்டும். மீட்கப்படும் நிலத்துக்குப் பெண்கள் பெயரில் பட்டா வேண்டும்.

இரண்டு, குத்தகைதாரரையும் கூட்டாகப் பயிர் செய்யும் மகளிர் குழுவையும் சிட்டா இல்லாமலேயே விவசாயி என்று ஏற்கும் சான்று வேண்டும்.

மூன்று, உமி நீக்கும் இயந்திரம் காலனிக்குள்ளேயே அமைய வேண்டும். அது அங்குள்ள பெண்கள் குழுவின் சொத்தாக இருக்க வேண்டும்.

நான்கு, சாமை, வரகு, தினை, குதிரைவாலிக்கும் ஆதரவு விலை வேண்டும். வாங்கும் தானியம் அந்தந்த மாவட்டத்து ரேஷன் கடைக்கும் அங்கன்வாடிக்கும்தான் முதலில் போக வேண்டும்.

ஐந்து, இவை எதுவும் அரிசிக்கு மாற்றாக வரக் கூடாது.

இவை பெரிய கோரிக்கைகள் என்று சிலர் சொல்லக்கூடும். 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணத்தில் அண்ணல் இதைவிடப் பெரிதாகக் கேட்டார். நிலம் அனைத்தும் அரசுடைமையாக வேண்டும், சாதி பாராமல் ஊர் மக்களுக்குக் குத்தகைக்கு விடப்பட்டுக் கூட்டுப்பண்ணையாக நடக்க வேண்டும், நிலக்கிழாரும் இருக்கக் கூடாது, நிலமற்ற கூலியும் இருக்கக் கூடாது என்றார். அதைச் சட்டமாக்க இந்த நாடு மறுத்துவிட்டது. அந்த மறுப்பின் விளைவைத்தான் நம் பெண்களின் இரத்தப் பரிசோதனைச் சீட்டில் இன்று படித்துக்கொண்டிருக்கிறோம்.

விதைப் பொட்டலத்தோடு யாராவது உங்கள் ஊருக்கு வந்தால் விரட்டிவிடாதீர்கள். வாங்கிக்கொள்ளுங்கள், நல்ல விதைதான். வாங்கிக்கொண்டு, "விதைக்க நிலம் எங்கே?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.